கோதிக் திகில் ஆட்டம்: மதுரை மேஜையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் எங்கள் வீட்டு மாடியில் ரோல்ப்ளே ஆட்டம் நடத்துகிறேன். கோதிக் திகில் கதைதான் எங்களுக்குப் பிடித்தது. புதிதாக வருகிறவர்களும், வேறு ஊரில் சொந்தமாக ஆட்டம் தொடங்க நினைப்பவர்களும் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. வாட்ஸ்அப்பில் துண்டு துண்டாகப் பதில் சொன்னதையெல்லாம் இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். கேள்விகள் அவரவர் கேட்டபடியே இருக்கின்றன.

அக்கா, இது என்ன விளையாட்டு? போர்டு எங்க, காய் எங்க?

போர்டு கட்டாயமில்லை. நான்கைந்து பேர் உட்கார்ந்து சேர்ந்து ஒரு கதையை வாழ்வதுதான் ஆட்டம். ஒருவர் கேம் மாஸ்டர்: ஊர், வானிலை, எதிரில் வருகிற ஆட்கள் எல்லாம் அவர் பொறுப்பு. மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, "நான் கதவைத் திறக்கிறேன்" என்று சொல்லிக் கதைக்குள் போவார்கள். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வரும் இடத்தில் டைஸ் உருட்டுவோம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தில் அதற்கு 20 பக்க டைஸ்.

கேட்டு, பேசி, முடிவெடுக்கத் தெரிந்தால் போதும். விதிகள் ஆடும்போதே வந்துவிடும்.

கோதிக்னா என்ன? நம்ம பேய்க்கதைக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்?

சாதாரணப் பேய்க்கதையில் புளியமரத்தடியில் பேய் இருக்கிறது, போனால் அடிக்கும். மரத்தைச் சுற்றிப் போய்விட்டால் கதை முடிந்தது. கோதிக் கதையில் பேய் ஒரு வீட்டின் கணக்குவழக்கில் இருக்கிறது. தாத்தா செய்த ஒரு காரியம், யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒரு சாவு, பூட்டியே கிடக்கும் ஓர் அறை. அந்த வீட்டில் பிறந்ததாலோ, அங்கே ஒரு ராத்திரி தங்கியதாலோ அந்தக் கணக்கு உங்கள் தலையிலும் விழுகிறது.

இடிந்த அரண்மனை இந்தக் கதைகளில் அடிக்கடி வருவது அதனால்தான். திருமலை நாயக்கர் மகாலுக்குப் போயிருப்பீர்கள். 1636இல் கட்டியது. இப்போது நிற்பது அதில் ஒரு பகுதிதான். பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது, தாத்தாவின் அரண்மனையைப் பிரித்துக் கொண்டுபோனார் என்று வரலாறு சொல்கிறது. அந்தத் தூண்களுக்கு நடுவே நின்று, "பிரித்துக் கொண்டுபோன பகுதியில் எந்த அறை இருந்தது?" என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். அந்தக் கேள்வி தரும் நடுக்கம்தான் கோதிக்.

ரேவன்லாஃப்ட்னு சொல்றீங்களே, அது எப்ப ஆரம்பிச்சுச்சு? எதை வாங்கணும்?

ரேவன்லாஃப்ட் என்பது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் கோதிக் திகில் உலகம். 1983இல் டிரேசி ஹிக்மன், லாரா ஹிக்மன் தம்பதி எழுதி டிஎஸ்ஆர் நிறுவனம் வெளியிட்ட ஒரே ஒரு சாகசம்தான் (ஆடுவதற்கென்று எழுதிய கதைப் புத்தகம்) தொடக்கம். ஒரு கோட்டை, அதில் ஸ்ட்ராட் என்ற ரத்தக்காட்டேரிப் பிரபு, கீழே பரோவியா என்ற பள்ளத்தாக்கு. 1990இல் அதை ஒரு முழு உலகமாக விரித்தார்கள். பரோவியா மாதிரியே பல நாடுகள், ஒவ்வொன்றையும் ஆளும் ஒரு பாவி. 2016இல் பழைய சாகசம் "கர்ஸ் ஆஃப் ஸ்ட்ராட்" என்ற பெயரில் பெரிதாகத் திரும்ப வந்தது, 2021இல் உலகத்துக்கான கையேடு வந்தது. 1990களில் இந்த நாடுகளில் பலவும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கண்டம்போல இருந்தன. 2021 கையேட்டில் ஒவ்வொன்றும் மூடுபனிக்குள் தனித்தனித் தீவு. இணையத்தில் படிக்கும்போது தகவல் முரண்படுகிறதே என்று குழம்புகிறவர்கள் முதலில் எந்தப் பதிப்பு என்று பாருங்கள்.

முதல்முறை நடத்துகிறவர் 2016 சாகசத்தை வாங்கினால் போதும்.

டொமைன், டார்க்லார்ட் இதெல்லாம் தமிழ்ல எப்படிச் சொல்றது?

மேலே சொன்ன நாடுகளில் ஒவ்வொன்றும் ஒரு டொமைன், அதை ஆளும் பாவி டார்க்லார்ட். டொமைன் என்பதை எங்கள் மேஜையில் "எல்லை" என்கிறோம். எல்லைச்சாமி, எல்லைக்கல் என்று நமக்கு ஏற்கனவே பழகிய சொல். டார்க்லார்டை "அடைபட்டவர்" என்கிறோம். இருட்டின் அரசன் என்று மொழிபெயர்த்தால் அவர் ஏதோ வெற்றி பெற்றவர்போலத் தெரிகிறது. உண்மையில் அவர்தான் அந்த இடத்தின் முதல் கைதி. அந்த ஊரே அவருக்காகக் கட்டப்பட்ட சிறை.

ஸ்ட்ராட் வில்லன்தானே? கொன்னுட்டா கதை முடிஞ்சிருமே?

ஸ்ட்ராட் இளமை முழுவதையும் போரில் கழித்தவர். நாட்டைப் பிடித்து, கோட்டை கட்டி, தாயின் பெயரை ஒட்டி அதற்குப் பெயர் வைத்து உட்கார்ந்தபோது வயதாகிவிட்டது. தம்பி செர்கேய்க்கு நிச்சயித்த டட்யானா மீது ஆசைப்பட்டார். இளமைக்காக ஒரு தீய ஒப்பந்தம் செய்துகொண்டு, கல்யாணத்தன்றே தம்பியைக் கொன்றார். அந்தப் பெண் அவரிடமிருந்து தப்பி ஓடி, கோட்டை மதிலிலிருந்து பனிக்குள் குதித்துவிட்டாள். அன்று மூடுபனி சூழ்ந்து மூடியது பரோவியா. தலைமுறைக்கு ஒருமுறை அதே முகத்தோடு ஒரு பெண் பிறக்கிறாள். ஒவ்வொரு முறையும் அவர் தேடிப் போகிறார், ஒவ்வொரு முறையும் இழக்கிறார்.

கொன்றாலும் திரும்பி வருவார். அவரை அங்கே வைத்திருக்கும் சக்திகளுக்கு அவர் சாவதில் விருப்பமில்லை. இங்கே கவனிக்க வேண்டியது தண்டனையின் அளவெடுத்த பொருத்தம். டார்க்கன் நாட்டின் அசாலின் மந்திர அறிவுக்காக எதையும் செய்தவர். அவருக்குக் கிடைத்த தண்டனை, புதிதாக ஒரு மந்திரத்தையும் கற்க முடியாது என்பது. தையல்காரர் உடம்பளந்து தைக்கிற மாதிரி, அவரவர் ஆசையை அளந்துதான் சாபமும் தைக்கப்படுகிறது. சொந்தமாக எல்லை உருவாக்குகிறவர்கள் இந்த வேலையில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும்.

அந்த சக்திகள் யாரு? சாமியா, பேயா?

எந்தப் பதிப்பும் முழுசாகச் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டது நல்லது. உங்கள் மேஜையிலும் விளக்காதீர்கள். ஆட்டக்காரர்கள் எவ்வளவு கேட்டாலும், ஊர்க்காரர்கள் சொல்லும் ஆளுக்கொரு கதையை மட்டும் கொடுங்கள்.

பனி வந்து ஊரை மூடிருச்சுன்னு சொன்னா நம்பற மாதிரி இல்லக்கா. மதுரையில ஏது பனி?

நியாயமான கேள்வி. மார்கழி விடியலில் வைகைக் கரையில் கொஞ்சம் பனி இருக்கும். அதை வைத்து ஓர் ஊரை அடைக்க முடியாது. பரோவியாவில் பனிக்குள் நடப்பவர் மூச்சுத் திணறி, களைத்து, கடைசியில் கிளம்பிய இடத்துக்கே வந்து சேர்வார். நமக்குத் தேவை அந்தத் திரும்பி வருதல்தான். அது எதன் வழியாக வந்தாலும் சரி.

நான் ஆலவாய்க் கதையை எடுத்துக்கொண்டேன். திருவிளையாடல் புராணத்தில், வெள்ளம் வந்து ஊர் அழிந்தபின் பழைய மதுரையின் எல்லை எதுவென்று தெரியாமல் பாண்டியன் நிற்கிறான். சித்தராக வந்த இறைவன் தன் கையில் கங்கணமாகக் கிடந்த பாம்பை எல்லை காட்டச் சொல்கிறார். அது ஊரைச் சுற்றி வளைந்து, வாலைத் தன் வாயில் வைத்துக் காட்டுகிறது. கிழக்கே திருப்பூவணம், தெற்கே திருப்பரங்குன்றம், மேற்கே திருவேடகம், வடக்கே இடபமலை. அங்கே பாம்பு ஊரைக் காக்கிறது. என் கதையில் வருவது வேறொரு ஊர், வேறொரு பாம்பு. அது வளையத்தைத் திறக்க மறந்துவிட்டது. மேற்கே பஸ் ஏறினால், வெயிலில் சாலை நெளியும், கானல் கண்ணைக் கூசும், கண்டக்டர் விசில் அடிப்பார், இறங்கிப் பார்த்தால் கிழக்கு வாசல். முதல் தடவை இதைச் சொன்னபோது மேஜையில் ஒருவரும் பேசவில்லை. பனிக்கு அப்படி ஓர் அமைதி எனக்குக் கிடைத்ததே இல்லை.

யானைமலை, நாகமலை, பசுமலை மூன்றையும்கூடப் பயன்படுத்தலாம். மதுரையை அழிக்க ஏவப்பட்டு மலையாகிப்போன யானை, பாம்பு, பசு என்றுதான் புராணம் சொல்கிறது. உங்கள் கதையின் ஊரைச் சுற்றியும் அப்படி மூன்று மலைகளை வையுங்கள். ஒருநாள் காலையில் ஆட்டக்காரர்கள் எழுந்து பார்க்கும்போது அடிவானத்தில் இரண்டு மலைதான் இருக்கிறது என்று சொல்லிப் பாருங்கள்.

பாண்டி முனி, பதினெட்டாம்படிக் கருப்பு இவங்களையெல்லாம் மான்ஸ்டரா வைக்கலாமா? செம கெத்தா இருக்கும்.

வைக்காதீர்கள். ஒரு காரணம் மரியாதை. உங்கள் மேஜையில் உட்கார்ந்திருப்பவரின் குலசாமியாக இருக்கலாம், போன மாதம் அவர் வீட்டில் அங்கே கிடா வெட்டியிருக்கலாம். இன்னொரு காரணம் கதை சார்ந்தது, அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

ரேவன்லாஃப்டில் கதையின் நடுவில் நிற்பவர் தப்புச் செய்தவர். நம் நாட்டுப்புறத்தில் நடுவில் நிற்பவர் தப்புக்கு ஆளானவர். மாறுகால் மாறுகை வாங்கப்பட்டுச் செத்த மதுரை வீரனுக்குத்தான் மீனாட்சி கோயில் கிழக்குப் பக்கம் சன்னதி. அப்படி வெட்டச் சொன்னவனுக்கு இல்லை. கொல்லப்பட்ட பெண்கள் கன்னித் தெய்வமாகிறார்கள், வீட்டுக்கு வீடு சேலை வைத்துப் படைக்கிறார்கள். ஆகவே இரண்டு மரபையும் சேர்க்கும்போது, எல்லைக்குள் அடைபட்டவர் கொன்றவர், எல்லையில் காவல் நிற்பவர் கொல்லப்பட்டவர் என்று வையுங்கள். காவல் தெய்வம் ஊருக்குள் வருகிறதை மட்டும் தடுக்கவில்லை, உள்ளே இருக்கும் ஒருவன் வெளியே தப்பிப் போகாமலும் பார்த்துக்கொள்கிறது. இந்த ஒரு மாற்றம் என் ஆட்டத்தையே மாற்றியது. கொல்லப்பட்டவரின் பக்கம் நின்று பேசும் ஓர் இடம் ஆட்டக்காரர்களுக்குக் கிடைத்தது.

தெய்வத்தின் பெயர் சொல்லாமலும் ஒரு கோயிலைக் காட்டலாம். அழகர்கோயிலில் கருப்பசாமிக்குப் பூசை மூடிய கதவுக்குத்தான். பதினெட்டுப் படிக்கு முன்னால் நின்று பொய்ச் சத்தியம் செய்ய ஆள் தயங்குவார்கள். உங்கள் கதையின் ஊரிலும் சந்தனம் பூசிய ஒரு மூடிய கதவு இருக்கட்டும். அதற்கு முன்னால் யாரும் பொய் பேச முடியாது. டைஸே தேவையில்லை.

சரி, கண்ணகியை அடைபட்டவரா வைக்கலாமா? ஊரையே எரிச்சவங்கதானே?

மேலே சொன்னபடி, கண்ணகி தப்புக்கு ஆளானவர். அவர் இடம் எல்லையில். நெடுஞ்செழியனைக் கேட்பீர்கள். அவரும் இல்லை. விசாரிக்காமல் கோவலனைக் கொல்லச் சொன்னார், சரிதான். ஆனால் சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்த கணத்தில், தானே கள்வன் என்று சொல்லி விழுந்து உயிர்விட்டார். தன் தப்பைப் பார்த்தவுடன் உடைந்துபோகிறவரை எந்த இருட்டுச் சக்தியாலும் பிடித்துவைக்க முடியாது. ஸ்ட்ராட்டுக்கும் அவருக்கும் உள்ள வித்தியாசம் அந்த ஒரு கணம்தான்.

என்னைக் கேட்டால் கதையை இன்னும் கொஞ்சம் தள்ளிப் படியுங்கள். அடுத்து வந்த வெற்றிவேற்செழியன், கண்ணகியின் சீற்றம் தணிய ஒரே பகலில் ஆயிரம் பொற்கொல்லர்களைப் பலி கொடுத்தான். ஒரு பொற்கொல்லன் செய்த சூதுக்கு ஆயிரம் பேர். அதற்குப் பிறகு மழை பெய்தது, நாடு செழித்தது என்று பாட்டு அமைதியாக நகர்கிறது. அந்த அமைதியில்தான் ஓர் எல்லை மூடுகிறது. மழை நிற்காத ஓர் ஊர், ஒவ்வொரு துளியும் கூரையில் சுத்தியல்போல விழும் ஓர் அரண்மனை, "எல்லாம் சரியாகிவிட்டதே, அப்புறம் ஏன் தூக்கம் வரவில்லை?" என்று கேட்டுக்கொண்டே இருக்கும் ஓர் அரசன்.

நீங்க நடத்துற கேம்பெய்ன்ல அடைபட்டவர் யாரு?

ராணி மங்கம்மாளின் கதையிலிருந்து எடுத்தேன். மகன் அம்மையில் இறந்தபின், கைக்குழந்தையான பேரனுக்காக 1689 முதல் மதுரையை ஆண்டவர். ஒருமுறை அறியாமல் இடக்கையால் வெற்றிலை போட்டுவிட்டார், அதற்குப் பரிகாரமாகத்தான் சாலை போட்டு, மரம் நட்டு, சத்திரம் கட்டினார் என்று சொல்வார்கள். ரயில்வே ஸ்டேஷன் எதிரில் இன்றும் மங்கம்மாள் சத்திரம் இருக்கிறது. கடைசியில் வளர்ந்த பேரனின் காலத்தில் அவரைச் சிறைவைத்து, கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டாத தூரத்தில் சோற்றை வைத்துப் பட்டினி போட்டார்கள் என்பது செவிவழிக் கதை.

ஆட்டத்தில் எல்லாப் பெயரையும் மாற்றிவிட்டேன். செவிவழிக் கதையை வைத்து வரலாற்றில் வாழ்ந்த ஒருவர்மேல் கொலைப்பழி போடக் கூடாது. பாட்டியைப் பட்டினி போட்ட என் கதையின் பேரனுக்குப் பசி தீராது. எதைத் தின்றாலும் வாய்க்குள் போனதும் ருசி செத்துவிடும். ஊரில் உள்ள சாலைகள் எல்லாம் பாட்டி போட்டவை, மரங்கள் எல்லாம் பாட்டி நட்டவை. எந்தச் சாலையில் தப்பிக்க நினைத்தாலும் அது அவனைப் பாட்டியை அடைத்துவைத்த அறையின் ஜன்னலுக்கே கொண்டுவந்து விடுகிறது. ஊர்க்காரர்களோ வழிப்போக்கர்களுக்கு இலை போட்டுப் பரிமாறுவதை நிறுத்தவே மாட்டார்கள். ஆட்டக்காரர்களுக்கு முதலில் அது அன்பாகத்தான் தெரியும்.

சாபத்தை எப்படி வேலை செய்ய வைக்கிறது? மைனஸ் ரெண்டுன்னு போட்டா யாரும் மதிக்கிறதே இல்ல.

டைஸில் கழிக்கிற எண் வேண்டாம், இடம் வேண்டும். வரகுண பாண்டியன் கதை இதற்கு நல்ல பாடம். வேட்டையிலிருந்து திரும்பும்போது வழியில் படுத்திருந்த ஓர் அந்தணர் அவர் குதிரைக் காலில் மிதிபட்டு இறந்துபோனார். அரசனுக்கே தெரியாமல் நடந்தது. ஆனாலும் பிரம்மஹத்தி பின்னாலேயே வந்தது. திருவிடைமருதூர்க் கோயிலுக்குள் கிழக்கு வாசல் வழியாகப் போனபோது அது உள்ளே வர முடியாமல் வெளியே நின்றுவிட்டது. அவர் மேற்கு வாசல் வழியாக வெளியேறினார். அது இன்றும் கிழக்கு வாசலில் காத்திருக்கிறது என்பது நம்பிக்கை. அங்கே சிலையே இருக்கிறது.

இதில் எவ்வளவு இருக்கிறது பாருங்கள்: சாபத்துக்கு உருவம் உண்டு, பொறுமை உண்டு, அது போக முடியாத ஒரு கதவு உண்டு. உங்கள் பாத்திரத்துக்கு ஒரு சாபம் கொடுத்தால், அது எங்கே நிற்கும், எந்த வாசலைத் தாண்டாது என்று இரண்டே வரி எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒவ்வொரு வீட்டுக்குள் நுழையும்போதும் ஆட்டக்காரரே கேட்பார்: "இந்த வீட்டுக்குப் பின்வாசல் இருக்கா?"

என் பாத்திரம் கெட்ட காரியம் செஞ்சா என்ன ஆகும்?

1990 விதிகளில் இதற்கு ஒரு சோதனை உண்டு. காரியம் எவ்வளவு கொடியதோ அதற்கேற்ற சதவீதம், கேம் மாஸ்டர் டைஸ் போடுவார். சக்திகள் கவனித்துவிட்டால் பாத்திரத்துக்கு ஒரு வரமும் அதோடு ஒட்டிக்கொண்டு ஒரு சாபமும் கிடைக்கும். தொடர்ந்து போனால் அவரும் ஒருநாள் அடைபட்டவர் ஆவார். நான் டைஸை மறைத்துப் போடுவதில்லை, மேஜை நடுவில் போடுகிறேன். வரத்தை முதலில், இனிமையாகச் சொல்கிறேன்.

டாரோக்கா கார்டு இங்க கிடைக்கல. கிளி ஜோசியக் கார்டு வச்சு ஆடலாமா?

தாராளமாக. டாரோக்கா என்பது 54 சீட்டுகள் கொண்ட குறிசொல்லும் கட்டு. 2016 சாகசத்தில் ஐந்து சீட்டு எடுத்து, மூன்று பொருள்கள் எங்கே இருக்கின்றன, யார் துணைக்கு வருவார், ஸ்ட்ராட்டைக் கடைசியில் எங்கே சந்திப்பது என்று முடிவு செய்வார்கள். அதனால் ஒவ்வொரு முறையும் கதை மாறும். கிளிச் சீட்டில் முருகன், மீனாட்சி, ஏசு, மாதா, மசூதி எல்லாம் வரும். ஒவ்வொரு படத்துக்கும் உங்கள் கதையில் ஓர் இடம் என்று முன்கூட்டியே எழுதிவையுங்கள். நான் சீட்டை எடுப்பதில்லை. மேஜையில் வயதில் சின்னவரை எடுக்கச் சொல்வேன்.

விஸ்தானிங்களுக்குப் பதிலா குடுகுடுப்பைக்காரர், நரிக்குறவர் இவங்களைப் போடலாமா?

விஸ்தானிகள் பனிக்குள் போய்வரத் தெரிந்த நாடோடிகள். பழைய பதிப்புகளில் அவர்களைத் திருடர்களாகவும் ஏமாற்றுக்காரர்களாகவும் காட்டியது ரோமா மக்களைப் பற்றிய அவதூறை அப்படியே எடுத்ததுதான். 2020இல் வெளியீட்டாளர்களே அதைத் திருத்துவதாக அறிவித்தார்கள். அவர்கள் விட்டுவிட்ட தப்பை நாம் தமிழில் புதிதாகத் தொடங்க வேண்டாம். நம்மூரில் ஒரு சமூகத்தையே குற்றப்பரம்பரை என்று பதிவு செய்து ராத்திரி ராத்திரி ஸ்டேஷனில் படுக்கவைத்த சட்டம் இருந்தது. 1920இல் பெருங்காமநல்லூரில் அதை எதிர்த்தவர்கள் சுடப்பட்டார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் நம் மேஜையில் உட்காருகிறார்கள். எல்லை தாண்டத் தெரிந்தவர் வேண்டுமென்றால் ஒரு தனிமனிதரை உருவாக்குங்கள். என் கதையில் அவர் பஸ் கண்டக்டர்.

கலகேரி இந்தியாதானே, அதையே ஆடிடலாமே?

2021 கையேட்டில் வரும் எல்லை அது. ரம்யா வாசவதன் என்ற அரசியும் அவள் உடன்பிறந்த இருவரும் அரியணைக்காக முடிவே இல்லாமல் சண்டையிடும் நாடு. குடும்பச் சொத்துத் தகராறு பிடிக்கும் என்றால் நல்ல களம். பெயர்களும் காடும் ஒரு பொதுவான இந்தியாவாக இருக்கும். உங்கள் தெருவைக் கொண்டுவர நீங்கள்தான் உழைக்க வேண்டும்.

ஒருத்தர் நடுவுலயே எழுந்து போயிட்டாங்க. நான் என்ன தப்புப் பண்ணினேன்?

எனக்கும் நடந்தது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் சோறு இருக்கும் காட்சியை நான் நிதானமாக, ரசித்து விவரித்துக்கொண்டிருந்தேன். ஒரு தங்கச்சி பேசாமல் கீழே இறங்கிப் போய்விட்டாள். அவளுடைய அப்பத்தா கடைசி இரண்டு வாரம் எதையும் விழுங்க முடியாமல் கிடந்து இறந்தது அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது. நான் முன்னாலேயே கேட்டிருக்க வேண்டும்.

இப்போது முதல் நாள் ஆட்டமே இல்லை, பேச்சு மட்டும்தான். எது வரவே கூடாது, எது வந்தாலும் திரைக்குப் பின்னால் நடக்க வேண்டும் என்று ஒவ்வொருவரும் ஒரு துண்டுத்தாளில் பெயர் போடாமல் எழுதித் தருவார்கள். மேஜை நடுவில் எக்ஸ் குறி போட்ட ஓர் அட்டை இருக்கும். யார் தொட்டாலும் காட்சி அந்த இடத்தில் நின்றுவிடும், காரணம் கேட்கமாட்டோம். அந்தத் தங்கச்சி நான்கு மாதம் கழித்துத் திரும்பி வந்தாள். இப்போது எங்கள் மேஜையில் எல்லைக்காவலின் குரலைப் பேசுவது அவள்தான்.

எல்லாரும் சிரிச்சுக்கிட்டே இருக்காங்க, பயமே வரலயே?

சிரிக்கட்டும். பயத்துக்கு முன்னால் சிரிப்பு வருவது இயல்பு. ஃபேனை நிறுத்துங்கள், குரலைக் குறையுங்கள், ரத்தத்தை விவரிக்காமல் ஒரு வீட்டுச் சாமானை விவரியுங்கள். ஆள் இல்லாத வீட்டில் ஈரமாக இருக்கும் அம்மிக்கல் போதும்.

கடைசியா ஒண்ணு. பாட்டியே பேரனை மன்னிச்சுட்டாங்கன்னா எல்லை திறந்துருமா?

எங்கள் மேஜையில் போன மாதம் இதே கேள்வி வந்தது. பாட்டி முதல் நாளே மன்னித்துவிட்டாள் என்பதை ஆட்டக்காரர்கள் கண்டுபிடித்தார்கள். சந்தனக் கதவுக்கு முன்னால் எல்லைக்காவல் அதைச் சொன்னது, அங்கே பொய் பேச முடியாது. அப்படியும் எல்லை திறக்கவில்லை. நெடுஞ்செழியனுக்கு நேர்ந்த அந்தக் கணம் பேரனுக்கு இன்னும் நேரவில்லை. அவனாக நடந்துபோய் அந்த ஜன்னலுக்குள் சோற்றை நீட்ட வேண்டும்.

தட்டில் சோறு போட்டு அவன் கையில் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டான். சாலை வளைந்து வளைந்து அவனை ஜன்னல் வரைக்கும் கொண்டுபோனது. உள்ளே இருட்டிலிருந்து ஒரு கை நீண்டது. மேஜையில் யாரும் டைஸைத் தொடவில்லை. அவன் அந்தக் கையைப் பார்த்தான், தட்டைப் பார்த்தான், ஒரு பிடி அள்ளினான், தன் வாயில் போட்டுக்கொண்டான்.

அடுத்த ஆட்டம் சித்திரைத் திருவிழா முடிந்த பிறகு.